கதவுச் சத்தமும் முட்டைக் கூடையும்



ஐரோப்பியச் சின்னக் கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் போனில் சிரித்தார். "நம்ம ஊர்ல மாருதியை விட்டா என்ன சார் ஓடுது? யாருக்குப் பேசப் போறீங்க?" என்றார். அவர் வைத்திருப்பது பழைய டிசைர் டீசல். "உங்க வண்டி என்ஜின் எந்த நாட்டுதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். ஜப்பான் என்றார். அது இத்தாலி என்ஜின்.

1248 சிசி மல்டிஜெட். 2003இல் ஐரோப்பாவில் ஃபியட் கொண்டுவந்த சின்ன டீசல். மாருதி அதற்கு உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்து, 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட்டில் பொருத்தியது. டாடா தன் விஸ்டாவில் பொருத்தியது. ஃபியட்டும் தன் புன்ட்டோ, லீனியாவில் பொருத்தியது. கார்ப் பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'இந்தியாவின் தேசிய என்ஜின்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. அதுவரைக்கும் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்துக்குச் சிங்கப்பூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போன வாடகை வண்டிகள் பலவற்றில் துடித்தது இத்தாலிய இதயம்தான்.

அந்த என்ஜினைப் பற்றி ஸ்டாண்டில் நிற்கும் டிரைவரைக் கேளுங்கள். "ரெண்டாயிரம் சுத்துக்குக் கீழ செத்த மாதிரி கெடக்கும் சார். அதைத் தாண்டிட்டா பிடிக்க முடியாது" என்பார். டர்போ சுழன்று காற்றை அழுத்த வேகமான புகை வேண்டும், குறைந்த சுற்றில் அது கிடைக்காது. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். வண்டி ஓட்டும் சுகத்தைப் பற்றி உரிமையாளர் சொல்வதை நான் பெரும்பாலும் அப்படியே நம்புகிறேன். கையும் காலும் பொய் சொல்லாது.

ஆனால் அதே என்ஜின் போட்ட புன்ட்டோக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும். ஸ்டியரிங் கனமாக, கைக்கு அடக்கமாக இருக்கும் என்பார். குழியில் இறங்கினால் சத்தம் காதுக்கு வரும், இடுப்புக்கு வராது என்பார். கொஞ்ச நேரம் பெருமையாகப் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஸ்பேர்தான் சார்…" என்று இழுப்பார். ஃபியட் 2019 வாக்கில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. இன்றைக்கு ஒரு பம்பர் கிளிப்புக்காக வாட்ஸ்அப் குழுக்களில் கோயம்புத்தூர் வரைக்கும் விசாரிக்கிறார்கள். ஸ்விஃப்ட்காரருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டிலும் என்ஜின் ஒன்றுதான். ஒன்று விலைபோகிறது, இன்னொன்றை எடுக்க ஆளில்லை.

ஆக, 'வண்டி எப்படி?' என்று கேட்டால் உரிமையாளர் இரண்டு பதில்களைக் கலந்து ஒன்றாகத் தருகிறார். ஓடும்போது வண்டி எப்படி என்பது ஒன்று. நின்றுபோனால் என் பாடு என்ன என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஐரோப்பியச் சின்னக் கார்கள் அநேகமாக நல்ல பதிலே சொல்கின்றன. புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் அவற்றின் தலைவிதியைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்வி. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சிகள்.

நம் பெரியவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. அந்தக் காலத்தில் கார் என்றாலே ஐரோப்பியச் சின்னக் கார்தான். ஃபியட் 1100ஐ மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்தது. அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டியது 1974இல். நம் மாவட்டம் உருவானதும் அதே ஆண்டு ஜனவரியில்தான், எனவே இரண்டுக்கும் ஒரே வயது. பெரிய குடும்பம், டிரைவர் உண்டு என்றால் அம்பாசிடர். தானே ஓட்டுகிற டாக்டர், வக்கீல் என்றால் ஃபியட். ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் பெஞ்சு சீட், லேசான கிளட்ச். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு பக்கத்து நகரத்தார் வீடுகளில் கார் ஷெட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்டிகளின் வாசனைகூட ஞாபகம் இருக்கும்.

மூன்றாவது வண்டி ஒன்று இருந்தது. அதுதான் எனக்குப் பிரியமானது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் டிரயம்ப் ஹெரால்டு என்று வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைச் செய்தது. 948 சிசி என்ஜின். வட்டம் அடித்துத் திரும்ப 25 அடி போதும். புதுக்கோட்டையின் கீழ ராஜ வீதியில் ஒரே மூச்சில் திருப்பிக்கொண்டு போய்விடலாம். சேஷய்ய சாஸ்திரி திவானாக இருந்து நேர்நேராக அமைத்துக் கொடுத்த தெருக்கள் இவை. அவர் மனதில் இருந்தது குதிரை வண்டி. ஹெரால்டுக்கும் அது பொருந்திப்போனது.

ஹெரால்டின் பானெட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். பழைய மெக்கானிக்குகள் அதற்காகவே அந்த வண்டியைக் கொண்டாடினார்கள். குறையும் உண்டு. பின் ஆக்சில் நடுவில் ஊசலாடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி வால் வீசும். 1960களின் இறுதியில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது, நம் நாட்டுக்கென்று செய்தது. இந்தியக் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிறகு 1970களில் கெஸல் என்று மாற்றினார்கள். அதில் ஊசலாடும் ஆக்சிலை எடுத்துவிட்டுக் கட்டையான ஆக்சில் போட்டார்கள். சுகம் குறைந்தது, பயமும் குறைந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

அந்தத் தலைமுறைக்கு ஒரு வசதி இருந்தது. கார்பரேட்டரைத் திறந்து ஊதிவிட்டு ஓட்டலாம். ஸ்பேர் கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்து போட்டுக்கொள்ளலாம். பத்மினியும் ஹெரால்டும் சிறப்பாகச் செய்யப்பட்டவை என்று நான் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் உள்ளே ஒழுகும் ஹெரால்டுகள் உண்டு. ஆனால் நின்றுபோனால் வைத்தியம் உள்ளூரிலேயே இருந்தது. அதனால் உரிமையாளரின் ஞாபகத்தில் சுகம் மட்டும் தங்கியிருக்கிறது.

ஐரோப்பாவில் சின்னக் கார் எதற்காகப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். நகரத்துக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. 1956இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. அதன் விளைவாகப் பிரிட்டனில் அலெக் இஸிகோனிஸ் 10 அடி நீளத்தில் மினியை வரைந்தார், 1959இல் வந்தது. என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன் சக்கரத்தை ஓட்டும் அந்த அமைப்பில்தான் இன்றைய ஆல்டோவும் ஓடுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் இத்தாலியில் தாந்தே ஜியாகோசாவின் ஃபியட் 500 வந்தது. இரண்டும் நகரத்துப் பிள்ளைகள்.

பிரெஞ்சுக்காரன் வேறு இடத்தில் ஆரம்பித்தான். 1930களில் சிட்ரோயனின் துணைத் தலைவர் புலான்ழே போட்ட கட்டளை இப்போதும் கார் படிப்பவர்களுக்குச் சொல்லப்படுகிறது. இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. போர் முடிந்து 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த டூ சிவி அப்படிப் பிறந்தது. தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். 40 ஆண்டுக்கு மேல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நம் மாவட்டத்துக்கு எந்தப் பிள்ளை தேவை? கறம்பக்குடி, வடகாடு பக்கம் செம்மண் கிளைச்சாலையில் ஐந்து பேரும் ஒரு பலாப்பழமும் ஏறிய காரை ஓட்டிப் பாருங்கள். ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகிற வழியில் ஒவ்வொரு ஊர் முனையிலும் அறிவிப்பில்லாமல் முளைத்திருக்கும் வேகத்தடைகளை எண்ணிப் பாருங்கள். இங்கே யாருக்கும் 'சிட்டி கார்' என்று ஒன்று தனியாகக் கிடையாது. காய்கறிக்கும் அதே கார், கல்யாணத்துக்கும் அதே கார், மதுரை ஆஸ்பத்திரிக்கும் அதே கார். நமக்கு வேண்டியது முட்டைக் கூடை வம்சம்.

தற்செயலாக, அந்த வம்சத்தின் இரண்டு வண்டிகள் தமிழ்நாட்டிலேயே செய்யப்படுகின்றன. ரெனால்ட் க்விட் ஒரகடத்தில். சிட்ரோயன் சி3 திருவள்ளூரில்.

க்விட் 2015 செப்டம்பரில் 2 லட்சத்து 57 ஆயிரத்திலிருந்து என்று விலை சொல்லி இறங்கியது. ஜெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சென்னையில் உட்கார்ந்து நடத்திய திட்டம். எங்கெங்கே காசு மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் பார்த்த இடங்கள் ஆச்சரியமானவை. சக்கரத்துக்கு மூன்றே நட்டு. பஞ்சர் கடைப் பையன்கள் முதல் தடவை பார்த்துவிட்டு "ஒண்ணு விழுந்துடுச்சு சார்" என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொல்லும் க்விட்காரர்கள் உண்டு. வந்தபோது 799 சிசி மூன்று சிலிண்டர். நின்ற இடத்தில் ஒரு நடுக்கம் இருக்கும், ஸ்டியரிங்கில் தெரியும். வேகம் ஏறினால் சாலைச் சத்தம் உள்ளே வரும். இதையெல்லாம் உரிமையாளர்களே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, "ஆனா அடி தட்டாது சார்" என்று முடிக்கிறார்கள். தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம். அந்த விலைக்கு அப்போது அரிதாகக் கிடைத்த உயரம் அது. வேகத்தடைக்கு வேகத்தடை வயிறு உரசும் காரை வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த வாக்கியத்தின் அருமை தெரியும்.

சி3 2022 ஜூலையில் வந்தது. இந்தக் காரைப் பற்றி உரிமையாளர்கள் பேசுவதைக் கேட்டால் ஒரு விநோதம் புலப்படும். திட்டிக்கொண்டே பாராட்டுவார்கள். முதலில் வந்த வண்டியில் பின் கதவுக் கண்ணாடியை இறக்கும் பொத்தான் கதவில் இல்லை, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் பின்னால் இருந்தது. பின் கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரே இல்லை. ஐரோப்பியக் கார் என்று சொல்லி இப்படியா என்று கோபம். அடுத்த மூச்சில், குழி விழுந்த சாலையில் இந்த விலைக்கு இப்படிப் போகிற வண்டியைப் பார்த்ததில்லை என்பார்கள். அறந்தாங்கிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னது: "சார், ரோடு எங்க முடிஞ்சு மண் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல." டூ சிவியின் பேத்திக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. 2024 ஆகஸ்டில் நிறுவனம் பொத்தானைக் கதவுக்கு மாற்றியது, ஆறு ஏர்பேக் கொடுத்தது, தானியங்கி ஏசி சேர்த்தது. வாங்கியவர்கள் சொன்னது காதில் விழுந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குள் இரண்டு வருஷம் போய்விட்டது.

இனி ஜெர்மன்காரருக்கு வருகிறேன். இந்த அரங்கில் அவருக்கு ரசிகர்கள் இருப்பது தெரியும். தலைப்பைக் கேட்டதுமே இருவர் 'போலோவைப் பற்றிச் சொல்வீர்கள்தானே' என்று கேட்டுவிட்டார்கள்.

ஃபோக்ஸ்வாகன் போலோ 2010இல் இங்கே வந்தது, புனே அருகே சாக்கனில் செய்யப்பட்டது. 2022இல் நிறுத்தினார்கள். வைத்திருப்பவர்கள் விற்கவே மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். கீரனூர் தாண்டித் திருச்சிச் சாலையில் நூறைத் தொட்டால் வண்டி தரையோடு உட்காரும், எதிரே பஸ் உரசுவது போல் போனாலும் ஸ்டியரிங் அசையாது. 2013இல் வந்த ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன். ஓட்டிய கைக்கு வேறு சின்னக் கார் பிடிக்காது. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

அந்த வண்டியின் கதவைச் சாத்தினால் 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். மற்ற சின்னக் கார்களில் 'டப்' என்று வரும். கார் வாங்கப் போகிற தமிழன் செய்கிற முதல் சோதனை இந்தக் கதவுச் சத்தம். இரண்டாவது, முன் மட்கார்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது. தகடு கெட்டியாக இருந்தால் 'வெயிட்டான வண்டி, உயிருக்குப் பயமில்லை' என்று தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்ப்போம். 2014 ஜனவரியில் குளோபல் என்காப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத போலோவும் அதில் உண்டு. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது பூஜ்யம். கவனியுங்கள், போலோவின் கூடு நசுங்கவில்லை, நிலையாகவே நின்றது. 'தொம்' சத்தம் அந்த அளவில் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் கூடு நின்றாலும் உள்ளே இருந்த பொம்மையின் தலை ஸ்டியரிங்கில் போய் மோதியது. இரண்டு ஏர்பேக் வைத்து அதே வண்டியை மோதினால் நான்கு நட்சத்திரம். நிறுவனம் அதன் பிறகு எல்லாப் போலோவுக்கும் இரண்டு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது. பிரெஞ்சுப் பிள்ளைகளும் தப்பவில்லை. 2016 மே மாதத்தில் க்விட்டுக்குப் பூஜ்யம், அதன் கூடே நிலையில்லை என்றார்கள். 2024இல் சி3யின் மின்சார வடிவத்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். ஓட்டும் சுகத்தைக் கை சொல்லும், மோதலில் என்ன ஆகும் என்பதைக் கையால் சொல்ல முடியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 2019 ஜூலைக்கு முன்னால் வந்த வண்டி என்றால் ஓட்டுநருக்கு ஏர்பேக் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். அதற்கு முன்பு அது சட்டப்படி கட்டாயமில்லை.

நின்றுபோகும் விஷயம் இருக்கிறதே, அதில் போலோவுக்கு ஒரு தனி அத்தியாயம். ஜிடி டிஎஸ்ஐயின் தானியங்கி கியர்பாக்ஸ், உலர்ந்த இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி. ஐரோப்பிய நெடுஞ்சாலையில் வெண்ணெய் போல் மாறும் கியர், வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் சூடேறித் தொல்லை தந்தது. இந்தியாவில் மட்டுமில்லை, பல நாடுகளில் நிறுவனமே வாரன்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. சென்னைக்காரரின் டிஎஸ்ஜி அனுபவமும் நம் ஊர்க்காரரின் அனுபவமும் வேறுவேறாக இருப்பது இதனால்தான். நம்மிடம் நெரிசல் என்று பழனியப்பா முக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் அதிகம். ஆனால் பழுது வந்துவிட்டால் சென்னைக்காரருக்குப் பக்கத்துத் தெருவில் சர்வீஸ் சென்டர், நமக்குத் திருச்சி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஐரோப்பியக் கார் ஒன்றை ஆசையாக வாங்கினார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சென்சார் ஒன்று போய், எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு சின்னப் பொருள். வர வாரக்கணக்கில் ஆனது. வண்டி அதுவரை ஓடியது, ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. அதன் பிறகு அந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது அந்த விளக்கைத்தான். நாலு வருஷம் சுகமாக ஓட்டியது இரண்டாவதாகத்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மதிப்பெண் போடுவது காருக்கா, அதை விற்ற அமைப்புக்கா?

மாருதி ஜெயித்த இடம் இதுதான், ஓட்டும் சுகத்தில் அல்ல. பொன்னமராவதியிலோ கந்தர்வகோட்டையிலோ எந்தப் பட்டறைக்காரனும் கை வைக்கத் தயங்காத வண்டி அது. போட்டியில் ஐரோப்பியர்கள் தோற்றது பொறியியலில் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். பொருள் கிடங்கு, மெக்கானிக் பயிற்சி, நாளைக்கும் இந்த நாட்டில் இருப்போம் என்ற நம்பிக்கை, இவற்றில் தோற்றார்கள். ஃபியட் போனதைப் பார்த்தவர்கள், 2021இல் ஃபோர்டு கதவடைப்பை அறிவித்ததையும் பார்த்தார்கள். அமெரிக்கக் கம்பெனி என்றாலும் ஃபிகோவின் பிறப்பு ஐரோப்பிய ஃபியஸ்டாவிலிருந்துதான். நம்ம மறைமலைநகர் வண்டி. அதன் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு கூட்டம் போட வேண்டும்.

உரிமையாளர் கருத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. இதுவரை நான் சொன்ன அத்தனையும் ஓட்டுகிறவர் சொன்னது. ஓட்டுகிறவர் முன் சீட்டில் இருக்கிறார், ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது, வளைவு வருவது அவருக்கு முன்னாலேயே தெரியும். குடுமியான்மலைக்கோ ஆவுடையார்கோவிலுக்கோ குடும்பத்தோடு போனால் பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. போலோவின் பின் சீட்டு நெருக்கமானது. முழங்கால் முன் சீட்டை முட்டும். போலோ ரசிகர் யாரும் தன் அம்மாவை விசாரித்துவிட்டுப் பேசியதாக நான் கண்டதில்லை. சி3யில் சீட்டு உயரம், வயதானவர்கள் குனியாமல் உட்காரலாம், கால் நீட்ட இடம் உண்டு. பத்திரிகை மதிப்பீட்டில் இதற்குப் பாதி வரிதான் ஒதுக்குவார்கள்.

ஆகவே டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம்காரர் கூப்பிட்டால் பைபாஸில் ஓட்டிக் காட்ட விடாதீர்கள். பைபாஸில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மே மாதப் பகலில் போங்கள், ஏசியை முழுதாக வையுங்கள், வீட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கிளைச்சாலையில் ஓட்டுங்கள். போகும்போது நீங்கள் ஓட்டினால், திரும்பும்போது சாவியை மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்காருங்கள். அப்புறம் ஷோரூமில் இறங்கியதும் காரைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். இந்த வண்டிக்கு முன் பம்பர், ஹெட்லைட், கிளட்ச் பிளேட் என்ன விலை, எத்தனை நாளில் வரும், எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். சேல்ஸ் தம்பி தயங்கினால் சர்வீஸ் பிரிவு மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால்தான் அவர் உங்களுக்காக எழுந்து வருவார்.